இறக்கி வைக்க முடியாத சுமை

ரயில்வேயில் இருப்புப்பாதைப் பிரிவில் முப்பத்தேழு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சிவில் டிப்ளமோ படித்தவன். தண்டவாளம், சல்லி, ஸ்லீப்பர் ஆகியவற்றைப் பற்றி ஏதோ கொஞ்சம் தெரியும். ஆசிரியர் குழுவில் உள்ள நண்பர், "உங்கள் அனுபவத்தில் இருந்து ஏதாவது எழுதுங்கள்" என்று பல மாதங்களாகக் கேட்டு வந்தார். பாதைப் பராமரிப்பைப் பற்றி எழுதினால் யார் படிப்பார்கள் என்று தள்ளிப் போட்டு வந்தேன். ஒரு கோடை விடுமுறையில் எங்கள் குடும்பத்திலேயே நடந்த ஒரு காரியம் என்னை எழுத வைத்துவிட்டது. அதில் எனக்கும் பங்கு உண்டு என்பதால், பிறரைக் குறை சொல்லும் கட்டுரையாக இதை யாரும் எண்ண வேண்டாம்.

நான் குடியிருப்பது பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட ஒரு கிராமம். சற்றுத் தள்ளிக் களியக்காவிளையைத் தொட்டால் தமிழ்நாடு தொடங்கிவிடும். 1956 நவம்பர் 1ஆம் தேதி விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய நான்கு தாலுகாக்கள் தமிழகத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றுவிட்டது. கோடு விழுந்ததே தவிர உறவு அறுபடவில்லை. பெண் கொடுப்பதும் எடுப்பதும், வேலைக்குப் போவதும், ஓய்வு பெற்றபின் சொந்த ஊருக்குத் திரும்புவதும் இரண்டு பக்கமும் நடந்துகொண்டே இருக்கின்றன. அப்படிப் போகிறவர்கள் கட்டில், பீரோ, அம்மி, ஆட்டுக்கல் என்று வீட்டையே தூக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. இதனால்தான் என் தங்கை மகனுக்கு ஒரு தொழில் கிடைத்தது.

இரண்டு வண்டிகள், ஐந்து ஆட்கள்

அவன் வீட்டுச் சாமான்களை மாற்றிக் கொடுக்கும் தொழில் செய்கிறான். ஒரு டாடா 407, ஒரு சிறிய மினி லாரி, ஒரு டிரைவர், நான்கு சுமை ஆட்கள், சாலையோரம் ஒரு அறையில் அலுவலகம். அட்டைப்பெட்டி, சாக்கு, கயிறு, கண்ணாடிச் சாமான்களைச் சுற்றும் பபிள் ஷீட் எல்லாம் அந்த அறையில்தான். பெரும்பாலும் திருவனந்தபுரத்தில் இருந்து நாகர்கோவிலுக்கும் மார்த்தாண்டத்துக்கும் லோடு போகும். மாதத்தில் ஓரிரு முறை மதுரை, சென்னை, பெங்களூரு என்று நீண்ட ஓட்டம் வரும். நல்ல பையன், உழைப்பாளி. தானும் தோள் கொடுத்துப் பீரோ தூக்குவான். ஆட்களை ஒரு நாளும் கை ஓங்கியதில்லை. இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. அடிமைத்தனம் என்றதும் நம் மனத்தில் சவுக்கும் சங்கிலியும்தான் தோன்றுகின்றன. இங்கே அவை இரண்டும் இல்லை.

மாலையில் பாறசாலை ரயில் நிலையத்துக்கு நடந்து போய் வருவது என் வழக்கம். திருவனந்தபுரம் - நாகர்கோவில் - கன்னியாகுமரிப் பாதை 1979இல் திறக்கப்பட்டது. அந்தப் பாதையைப் பார்க்காமல் எனக்குப் பொழுது போகாது. மே மாதத்தில் ஒரு நாள் பிளாட்பாரத்தின் கடைசியில் ஒரு பையன் தனியாக உட்கார்ந்திருந்தான். பார்த்தால், என் மருமகனிடம் வேலை பார்க்கும் அசாம்காரன். வயது இருபத்திரண்டு. ரயில்வேயில் கற்ற இந்தி எனக்குக் கைகொடுத்தது. ஊருக்குப் போகிறாயா என்று கேட்டேன்.

"போக முடியாது சேட்டா. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. இரண்டு தடவை லீவு கேட்டேன். சீசன் முடியட்டும் என்கிறார். என் ஆதார் அட்டை ஆபீஸ் மேஜைக்குள் இருக்கிறது. அது இல்லாமல் எப்படிப் போவேன்?"

"பின் இங்கே எதற்கு வந்தாய்?"

"சும்மா. ரயிலைப் பார்க்க."

அசாம்காரனுக்கு அடையாளக் காகிதம் என்பது நமக்கு இருப்பது போல் ஒரு பிளாஸ்டிக் அட்டை மட்டும் அன்று. 2019 ஆகஸ்ட் 31ஆம் தேதி அங்கே வெளியான குடிமக்கள் பதிவேட்டின் இறுதிப் பட்டியலில் 19 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர் விட்டுப்போனது. ஒரு காகிதம் இல்லாததால் குடும்பமே அலைந்ததைக் கண்ணால் பார்த்த ஊர் அது. அப்படிப்பட்டவனின் அட்டையை மேஜைக்குள் வைத்துப் பூட்டினால், அவனைப் பூட்டியதற்குச் சமம்.

கணக்குப் புத்தகம் சொன்னது

மறுநாள் காலை அலுவலகத்துக்குப் போய்க் கணக்குப் புத்தகத்தைக் கேட்டேன். மருமகன் மறைக்கவில்லை, எடுத்துக் கொடுத்தான். அந்தப் பையனின் பக்கத்தில் பதினாறு வாரக் கணக்கு இருந்தது. கடைசி வரியில் 'பாக்கி - ரூ.1,900' என்று எழுதியிருந்தது. அதாவது நான்கு மாதம் பீரோவும் பிரிட்ஜும் சுமந்தபின், பையன் எங்களுக்கு 1,900 ரூபாய் கடன்பட்டிருக்கிறான்!

எஞ்சினியர் புத்தி சும்மா இருக்குமா? பென்சிலை எடுத்து உட்கார்ந்தேன்.

நாள் கூலி 700 ரூபாய், வாரம் ஐந்து நாள், பதினாறு வாரம். மொத்தம் 56,000 ரூபாய். இதில் வாரச் செலவுக்கு என்று கையில் கொடுத்தது 19,200. அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் பிடித்தது 11,200. ஒரு முறை வீட்டுக்கு அனுப்பியது 8,000. இவை நியாயமானவை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் 'ஏஜெண்டு கமிஷன்' என்று ஒரு நாளைக்கு 50 வீதம் 4,000 ரூபாய் அவன் கூலியில் இருந்து போயிருந்தது. சாப்பாட்டு மேஜைக் கண்ணாடி உடைந்ததற்கு 3,500 ரூபாய் அவன் தலையில் விழுந்திருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, 'முன்பணம் 12,000' என்று முதல் வரியிலேயே இருந்தது.

பையனைக் கூப்பிட்டுக் கேட்டதில், முன்பணம் என்று அவன் கைக்கு வந்தது 3,000 மட்டும். மீதி 9,000 ரூபாயை ஆளைக் கொண்டு வந்த ஏஜெண்டு எடுத்துக்கொண்டுவிட்டான். கடன் மட்டும் முழுசாகப் பையன் பெயரில் நின்றது.

திருத்திக் கணக்குப் போட்டபோது, நாங்கள்தான் அவனுக்கு 14,600 ரூபாய் கொடுக்க வேண்டியிருந்தது. அந்தப் பணத்தையும் அட்டையையும் கையில் வைத்துக்கொண்டுதான் 'சீசன் முடியட்டும்' என்று சொல்லியிருக்கிறோம்.

"மாமா, எல்லாரும் இப்பிடித்தான் செய்றாவ. அவனுக்க கார்டு நம்மகிட்ட இருந்தாத்தான் ஒரு பிடி இருக்கும். முன்பணத்தையும் வாங்கிட்டு அவன் பாட்டுக்கு ஓடிட்டா நான் யாரைப் போய்ப் பிடிப்பேன்?" என்றான் மருமகன்.

"பிடி இருக்கணும்னு நீ சொல்லுறியே, அதுக்குப் பேரு என்ன தெரியுமாடே?" என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. எனக்கும் முப்பது ஆண்டுகளுக்கு முன் தெரிந்திருக்கவில்லை.

நான் போட்ட கையெழுத்து

அந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளில் ஓர் இடத்தில் பாதை புதுப்பிக்கும் வேலை நடந்தது. ஒப்பந்தக்காரரின் ஆட்கள் நாற்பது பேர் வெளி மாநிலத்தில் இருந்து வந்து தார்ப்பாய்க் கொட்டகையில் தங்கி வேலை செய்தார்கள். 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் அப்போது நடைமுறையில் இருந்தது. ஒப்பந்தக்காரர் கூலி கொடுக்கும்போது வேலை கொடுத்தவரின் பிரதிநிதி ஒருவர் நேரில் இருக்க வேண்டும் என்பது அதன் விதி. அந்தப் பிரதிநிதி நான்.

மேஜை போட்டு, பெயர் கூப்பிட்டு, ஒவ்வொருவர் கையிலும் நோட்டை எண்ணிக் கொடுப்பார்கள். கைநாட்டு வைப்பார்கள். 'என் முன்னிலையில் வழங்கப்பட்டது' என்று நான் கையெழுத்துப் போடுவேன். ஒரு நாள் ஜீப் பழுதானதால் கொட்டகைப் பக்கம் நடந்து போனேன். அங்கே மேஸ்திரி ஒரு துண்டை விரித்து உட்கார்ந்திருந்தான். வாங்கிய கூலியை வரிசையாக வந்து அந்தத் துண்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் ஆளுக்குக் கொஞ்சம் எண்ணித் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தான். முன்பணத்துக்குக் கழிக்கிறானாம். நான் பார்த்ததை அவனும் பார்த்தான். இருவரும் ஒன்றும் பேசவில்லை. அடுத்த மாதமும் நான் கையெழுத்துப் போட்டேன். காகிதம் சரியாக இருக்கிறது, பிறகு நமக்கென்ன என்று மனத்துக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்த நாற்பது பேரில் ஒருவர் முகம்கூட இன்று நினைவில்லை. அந்த விரித்த துண்டு மட்டும் மறக்கவில்லை.

இந்த மண்ணின் பழைய ஊழியம்

சுமை தூக்குவதற்கும் அடிமைத்தனத்துக்கும் நம் பகுதியில் பழைய தொடர்பு உண்டு. திருவிதாங்கூர் அரசில் 'ஊழியம்' என்று ஒரு முறை இருந்தது. நாடார் முதலிய சமூகத்தாரும் அவர்களுக்குக் கீழாக வைக்கப்பட்டிருந்தவர்களும் சர்க்காருக்குக் கூலி இல்லாமல் வேலை செய்ய வேண்டும். அதிகாரிகள் ஊர் விட்டு ஊர் போகும்போது அவர்களுடைய சாமான்களைச் சுமப்பதும் அதில் ஒன்று. இன்று நாம் பணம் கொடுத்துச் செய்துகொள்ளும் 'வீடு மாற்றும்' வேலையை அன்று ஏழைகளின் தலையில் இலவசமாக ஏற்றினார்கள். சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் எதிர்த்த கொடுமைகளில் இந்த ஊழியமும் ஒன்று.

ஊழியம் இப்படியென்றால், ஆளையே விற்று வாங்கும் அடிமை முறையும் பக்கத்திலேயே இருந்தது. 1812இல் ராணி கௌரி லட்சுமிபாய் அடிமை வாணிபத்தைத் தடுத்து ஆணையிட்டார். ஆனால் வயல் வேலை செய்த அடிமைச் சாதியாரை அந்த ஆணை விடுவிக்கவில்லை. பிரிட்டிஷ் இந்தியாவில் 1843இல் சட்டம் வந்தது. திருவிதாங்கூரில் 1853இல் ஓர் அரைகுறை ஆணை வெளிவந்தது. 1855 ஜூன் 24ஆம் தேதி உத்திரம் திருநாள் மகாராஜா காலத்தில்தான் முழு விடுதலை கிடைத்தது.

ஆணை வந்தாலும் மனம் மாறிவிடாது. நெய்யாற்றின்கரைக்கு அருகிலுள்ள ஊரூட்டம்பலத்தில் பஞ்சமி என்ற சிறுமியைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க அய்யன்காளி அழைத்துச் சென்றபோது, அந்தப் பள்ளிக்கே தீ வைத்தார்கள். அதே அய்யன்காளி தலைமையில்தான் வயல் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். வேலையைச் செய்யாமல் நிறுத்த முடியும் என்பதுதான் அடிமைக்கும் தொழிலாளிக்கும் உள்ள வேறுபாடு என்று அவர்கள் காட்டினார்கள்.

கடல் கடந்து போன நம்மவர்கள் கதையும் இதுவே. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணி மூலம் போன தமிழர்களுக்குத் 'துண்டு' என்று ஒரு சீட்டு இருந்தது. ஒருவன் எவ்வளவு கடன்பட்டிருக்கிறான் என்பதை எழுதிய காகிதம் அது. அந்தக் கடனைப் புதிய தோட்டம் அடைத்தால்தான் அவன் அங்கே போகலாம். ஆளை விற்கவில்லை, கடனைத்தான் விற்றார்கள். கடனோடு ஆளும் போனான். 1921இல் அந்த முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. நூறாண்டு கழித்து எங்கள் கணக்குப் புத்தகத்தில் இருந்த அந்த முதல் வரி, 'முன்பணம் 12,000', அதே துண்டு அல்லாமல் வேறென்ன?

சட்டம் என்ன சொல்கிறது?

சர்வதேசத் தொழிலாளர் நிறுவனமும் பிற அமைப்புகளும் 2022இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2021இல் உலகில் 4 கோடியே 96 லட்சம் பேர் நவீன அடிமை நிலையில் இருந்தார்கள். அவர்களில் 2 கோடியே 76 லட்சம் பேர் கட்டாய உழைப்பில் சிக்கியவர்கள். கட்டாய உழைப்பைக் கண்டுபிடிக்க அந்த நிறுவனம் பதினோரு அடையாளங்களை வகுத்திருக்கிறது. அடையாளக் காகிதத்தைப் பிடித்து வைப்பது, கூலியை நிறுத்தி வைப்பது, கடனால் கட்டுவது ஆகிய மூன்றும் அதில் உள்ளன. எங்கள் சிறிய அலுவலகத்தில் மூன்றும் இருந்தன.

பல சட்டங்கள் ஆள் எண்ணிக்கையையோ வரவு செலவையோ பார்த்துத்தான் செல்லுபடியாகும். 1979ஆம் ஆண்டின் வெளிமாநிலத் தொழிலாளர் சட்டம் ஐந்து பேர் இருந்தால்தான் பொருந்தும் என்றது. அதைத் தன்னுள் சேர்த்துக்கொண்ட 2020ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு பத்துப் பேர் என்கிறது. இங்கிலாந்தின் 2015ஆம் ஆண்டு நவீன அடிமைத்தனச் சட்டம், ஆண்டுக்கு 3 கோடியே 60 லட்சம் பவுண்டும் அதற்கு மேலும் வியாபாரம் செய்யும் நிறுவனங்கள் இது பற்றி அறிக்கை வெளியிட வேண்டும் என்கிறது. இரண்டு வண்டி வைத்திருப்பவர் இவை எதிலும் வரமாட்டார்.

ஆனால் 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்துக்கு அப்படிப்பட்ட எண்ணிக்கை இல்லை. ஒரே ஒரு ஆள் இருந்தாலும் பொருந்தும். முன்பணம் வாங்கியதற்காக ஒருவன் வேறு வேலைக்குப் போகும் சுதந்திரத்தையோ, நாட்டில் விரும்பிய இடத்துக்குப் போகும் உரிமையையோ, குறைந்தபட்சக் கூலியையோ இழந்தால் அவன் கொத்தடிமை. அந்தக் கடன் சட்டப்படி செத்த கடன், வசூலிக்க முடியாது. வழக்கு வந்தால், இது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் பணம் கொடுத்தவர். தண்டனை மூன்று ஆண்டு வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம். நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் மாவட்ட ஆட்சியரிடம் இருக்கிறது.

நம் அரசியல் சட்டத்தின் 23ஆம் பிரிவும் கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது. 1982இல் டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் நீதிபதி பி.என்.பகவதி இதற்கு விளக்கம் தந்தார். அடித்து வேலை வாங்குவது மட்டும் கட்டாயம் அன்று. வேறு வழியில்லாத வறுமையால் ஒருவன் குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாக உழைக்க நேர்ந்தால் அதுவும் கட்டாய உழைப்பே என்பது தீர்ப்பின் சாரம்.

கேரளத்தில் இதைப் பேசுவதில் ஒரு விசித்திரம் உண்டு. சுமைத் தொழிலாளிக்கு இவ்வளவு பலம் உள்ள மாநிலம் வேறு இருக்குமா என்று தோன்றும். 1978ஆம் ஆண்டின் சுமட்டுத் தொழிலாளர் சட்டம் இருக்கிறது, சங்கங்கள் இருக்கின்றன. தூக்காத சுமைக்கும் காசு கேட்கும் 'நோக்குகூலி'யை ஒழிப்பதாக 2018 மே 1இல் அரசே அறிவிக்க வேண்டியிருந்தது. ஆனால் அதே லாரியின் பின்னால் ஏறி வரும் அசாம்காரனுக்கும் வங்காளத்துக்காரனுக்கும் குரல் இல்லை. 2013இல் திருவனந்தபுரத்தில் உள்ள குலாத்தி நிதி நிறுவனத்தின் ஆய்வு, கேரளத்தில் 25 லட்சம் வெளிமாநிலத் தொழிலாளர்கள் இருப்பதாக மதிப்பிட்டது. 2010இல் அவர்களுக்கு நலத் திட்டமும், 2017இல் 'ஆவாஸ்' காப்பீடும் வந்தன. 'அதிதித் தொழிலாளி' என்று அரசு மரியாதையாக அழைக்கிறது. விருந்தாளியின் அட்டையை மேஜைக்குள் வைத்துப் பூட்டுவது எந்த ஊர் விருந்தோம்பல்?

நாங்கள் செய்தது

அன்று மாலையே மருமகன் அட்டையை எடுத்துப் பையன் கையில் கொடுத்தான். 14,600 ரூபாயையும் எண்ணிக் கொடுத்தான். கொடுக்கும்போது அவன் முகம் சுருங்கியதை மறைக்க மாட்டேன். சீசன் நேரத்தில் ஒரு ஆளும் போய், பணமும் போகிறதே! இரண்டு நாள் கழித்துப் பையன் திருவனந்தபுரத்தில் விவேக் எக்ஸ்பிரஸ் ஏறினான். கன்னியாகுமரியில் இருந்து திப்ரூகர் வரை 4,000 கிலோமீட்டருக்கும் மேல் ஓடும் ரயில் அது. வழியனுப்பப் போனவன் நான்தான். "திரும்பி வருவாயா?" என்று கேட்டேன். "அம்மா எப்படி இருக்கிறாள் என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்றான். பொய் சொல்லவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

அதன்பின் நானும் மருமகனும் உட்கார்ந்து சில விதிகள் எழுதினோம். மலையாளம், தமிழ், இந்தி மூன்றிலும் எழுதி அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கிறோம்.

ஒன்று: அடையாள அட்டையின் நகல் மட்டும் நமக்கு. அசலை அதே நிமிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

இரண்டு: சனிக்கிழமை தோறும் முழுக் கூலியும் அவரவர் கையில் அல்லது அவரவர் வங்கிக் கணக்கில். 'ஊருக்குப் போகும்போது மொத்தமாகத் தருகிறேன்' என்ற பேச்சு கிடையாது. மேற்கு மாவட்டப் பஞ்சாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் மூன்று ஆண்டு முடிந்தால்தான் மொத்தப் பணம் என்று இளம்பெண்களைக் கட்டிப்போட்ட கதை நமக்குத் தெரிந்ததே.

மூன்று: முன்பணம் கொடுப்பதே குற்றம் அன்று. கல்யாணம், வைத்தியம் என்று வந்தால் கொடுக்க வேண்டியதுதான். ஆனால் ஒரு வாரக் கூலிக்கு மேல் இல்லை. ஆள் கையிலேயே கொடுக்க வேண்டும். அதைத் தீர்க்காமல் போக நினைத்தால் போகட்டும், நஷ்டம் நம்முடையது.

நான்கு: ஆள் கொண்டு வருபவருக்கு ஏதாவது கொடுக்க வேண்டுமானால் அது தொழிற்செலவு. தொழிலாளியின் கூலியில் இருந்து ஒரு ரூபாய்கூடப் போகக் கூடாது.

ஐந்து: சாமான் உடைந்தால் அது தொழிலின் நஷ்டம். அதற்காகத்தான் இப்போது ஒவ்வொரு லோடுக்கும் காப்பீட்டுத் தொகையையும் சேர்த்து ரேட் சொல்கிறான்.

ஆறு: பதினெட்டு வயது ஆகாதவருக்குச் சுமை வேலை இல்லை. வயதில் சந்தேகம் இருந்தால் வேண்டாம்.

ஏழு: தங்கும் அறையின் சாவி தங்குபவரிடம். வெளியே இருந்து பூட்டக் கூடாது.

எட்டாவதை நான் வற்புறுத்திச் சேர்த்தேன். நீண்ட ஓட்டத்தில், போய்ச் சேரும் ஊரில் வேறொருவரிடம் இறக்கு ஆட்களை ஏற்பாடு செய்வார்கள். அந்த ஆட்களுக்கும் இதே கேள்விகளைக் கேட்க வேண்டும். கூலியை நம் டிரைவரே அவர்கள் கையில் கொடுக்க வேண்டும். தண்டவாளத்தில் பழுது அதிகம் வருவது இணைப்பில்தான். இந்தத் தொழிலிலும் ஆள் ஒருவர் பொறுப்பில் இருந்து இன்னொருவர் பொறுப்புக்குக் கை மாறும் இடத்தில்தான் பழுது வருகிறது. அன்று கொட்டகைக்குப் பின்னால் விரித்த துண்டும் அப்படிப்பட்ட ஓர் இணைப்பில்தான் கிடந்தது.

பையன் திரும்பி வரவில்லை. அம்மா தேறிவிட்டாள் என்றும், பக்கத்து ஊரிலேயே வேலை கிடைத்துவிட்டது என்றும் போனில் சொன்னான். ஆனால் இரண்டு மாதம் கழித்து அவனுடைய சித்தப்பா மகன் ஏஜெண்டு இல்லாமல் தானாகவே வந்து சேர்ந்தான். சட்டைப் பையில் அட்டை இருந்தது. "அண்ணன் சொன்னான், இங்கே சனிக்கிழமை கூலி கொடுத்துவிடுவார்கள் என்று" என்றான். மருமகன் என்னைப் பார்த்துச் சிரித்தான். "மாமா, ஏஜெண்டுக்குக் குடுத்த ஒன்பதாயிரம் இந்தத் தடவை மிச்சம்" என்றான். அவன் வியாபாரி. அவனுக்குப் புரியும் கணக்கிலேயே புரிந்துகொண்டான். அதுவும் நல்லதுதான்.

நாம் செய்யக்கூடியது

சங்க உறுப்பினர்களில் பலர் மாற்றல் ஆகிறவர்கள், வீடு மாறுகிறவர்கள். இரண்டு மூன்று பேரிடம் ரேட் கேட்டுக் குறைந்ததைப் பிடிக்கிறோம். டீசலும் டயரும் எல்லாருக்கும் ஒரே விலை. ஒருவர் மட்டும் பாதி ரேட்டுக்கு வருகிறார் என்றால், அந்த மீதி யார் முதுகில் இருந்து வருகிறது என்று ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். ஆட்கள் வந்ததும் தண்ணீர் கொடுங்கள், பெயர் கேளுங்கள். கூலி யார் கையில் வாங்குகிறாய், ஊருக்குக் கடைசியாக எப்போது போனாய் என்று விசாரியுங்கள். பதில் சொல்லும்முன் அவன் மேஸ்திரியின் முகத்தைப் பார்த்தால், ஏதோ சரியில்லை என்று பொருள். அவனுக்கு முன்னால் சண்டை போட வேண்டாம், பின்னால் அவன்தான் அனுபவிப்பான். தொழிலாளர் துறை அலுவலகத்துக்கோ ஆட்சியர் அலுவலகத்துக்கோ ஒரு கடிதம் எழுதுங்கள்.

நம் பக்கத்துப் பழைய சாலைகளில் இன்னும் சில இடங்களில் சுமைதாங்கிக் கல் நிற்கிறது. இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைக் குறுக்கே போட்டிருப்பார்கள், தோள் உயரம் இருக்கும். தலைச்சுமையோடு வருகிறவன் யாருடைய உதவியும் இல்லாமல், யாரிடமும் கேட்காமல் சுமையை இறக்கி வைக்கலாம். சுமை தூக்குவது கேவலம் இல்லை என்பது நம் முன்னோருக்குத் தெரியும். இறக்கி வைக்க இடம் வேண்டும் என்பதும் தெரிந்திருந்தது. உங்களிடம் வேலை செய்பவர் நாளைக் காலை தன் கூலியையும் அட்டையையும் வாங்கிக்கொண்டு போகிறேன் என்றால் போக முடியுமா? தொழில் நடத்தும் அன்பர்கள் அனைவரும் இந்த ஒரு கேள்வியை இன்றே தம் கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்துக் கேட்டுப் பார்க்க வேண்டுகிறேன். நான் முப்பது ஆண்டு தாமதமாகத்தான் கேட்டேன்.